வேலூரிலிருந்து சென்னைக்கு ஒரு நாள்: பூங்கா, பேட்டை, கடற்கரை நடை – முதன்முறை போகிறவருக்கு

கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் பத்துத் தடவை சென்னை போய் வந்தவர்கள்கூட, "சும்மா ஒரு நாள் சுற்றிவிட்டு வரலாம்" என்று கிளம்பினால் தடுமாறுகிறார்கள். தி.நகரில் நாலு பை, மெரினாவில் ஒரு மணி நேரம், பிறகு கோயம்பேட்டில் பஸ் என்று நாள் முடிந்துவிடுகிறது. காட்பாடியிலிருந்து போய் வரும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது பத்து, பன்னிரண்டு மணி நேரம். அந்த ஊரில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேளை உண்டு. அது தப்பினால் பூட்டிய கேட்டையோ கொதிக்கும் மணலையோதான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஆகவே இந்த வழிகாட்டி இடங்களைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

1. எந்தக் கிழமை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஞாயிறுதானே லீவு என்று கிளம்பிவிடாதீர்கள். திங்கட்கிழமை மெரினா கலங்கரை விளக்கம் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை கிண்டி சிறுவர் பூங்கா, பக்கத்துப் பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா மூன்றும் விடுமுறை. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் கிடையாது. அடையாறு ஆலமரம் இருக்கும் பிரம்மஞான சபை வளாகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் அங்கே காலையில் கொஞ்ச நேரம், மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள்.

மிச்சம் இருப்பவை புதன், வியாழன், சனி. இரண்டாம் சனி, நாலாம் சனி லீவு கிடைப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறைத் தவிர்க்க முடியாதவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். அன்றைக்கு எலக்ட்ரிக் டிரெயின்கள் ஞாயிறு அட்டவணைப்படி குறைவாக ஓடும். வேலை நாளில் பத்து நிமிடத்தில் வரும் வண்டிக்கு அன்று அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

காணும் பொங்கல் அன்று மட்டும் மெரினா பக்கம் போகவே வேண்டாம். கடலுக்குள் யாரும் இறங்காதபடி தடுப்புக் கட்டியிருப்பார்கள். அலையைவிடத் தலைதான் அதிகம் தெரியும்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நேரே கடலிலிருந்து வரும். வேலூரில் தூறலாக விழும் அதே நாளில் அங்கே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். ஏப்ரல், மே மாதத்தில் வெயிலூர்க்காரருக்கு என்ன பயம் என்று கேட்கலாம். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில், வியர்வை உடனே உலரும். அங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உடம்பிலேயே நிற்கும். நம்மூர் 40 டிகிரியில் நடக்கிறவர் அங்கே 36 டிகிரியில் உட்கார்ந்துவிடுவார். கடல் காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் உள்ளே வரும். அது தாமதமாகும் நாட்களில்தான் சென்னை நிஜமாகவே வேகும்.

2. எந்த வண்டி, எந்த டிக்கெட்

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர். ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், சில வண்டிகளில் கொஞ்சம் கூட. பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பூந்தமல்லி நெருங்கும்போது அது நாலாகவும் ஆகலாம். போகும்போது ரயில், திரும்பும்போது நேரத்தைப் பொறுத்து ரயிலோ பஸ்ஸோ என்று வைத்துக்கொள்வது நல்லது.

காலையில் இரண்டு வண்டிகள் வசதி. ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணியை ஒட்டிக் காட்பாடி வந்து ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் விடும். ஆம்பூர், குடியாத்தத்திலிருந்து தினமும் வேலைக்குப் போகிறவர்களின் வண்டி இது. காட்பாடியில் ஏறும்போது உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். இன்னொன்று திருவண்ணாமலையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னை பீச் வரை போகும் மெமு என்ற மின்சாரப் பாசஞ்சர் வண்டி. இதுவும் கண்டோன்மென்டில் காலை ஆறு மணி வாக்கில்தான். எல்லா ஸ்டேஷனிலும் நின்று பத்து மணியை ஒட்டிப் போய்ச் சேரும். டவுனில் இருப்பவர்கள் காட்பாடிவரை போக வேண்டாம் என்பது ஒரு லாபம். இன்னொரு லாபம் அடுத்த பகுதியில். நேரங்கள் அவ்வப்போது மாறும், முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

முன்பதிவில்லாத டிக்கெட் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பணம் போவது அதிலுள்ள சின்னச் சின்ன விதிகளில்தான்.

வண்டி எண் 12, 20, 22 என்று தொடங்கினால் அது சூப்பர்ஃபாஸ்ட். பிருந்தாவன், லால்பாக் இரண்டும் அப்படித்தான். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டில் அதில் ஏறக் கூடாது, 15 ரூபாய் கூடுதல் கட்டணம் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். ஏலகிரி 16 என்று தொடங்கும், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. "முதலில் வருகிற வண்டியில் ஏறிக்கலாம்" என்று நினைப்பவர்கள் கவுன்டரிலேயே சூப்பர்ஃபாஸ்ட் என்று சொல்லி வாங்கிவிடுங்கள். சதாப்தியிலும் வந்தே பாரத்திலும் பொதுப் பெட்டியே கிடையாது. தெரியாமல் ஏறினால் டிக்கெட் பணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

டிக்கெட்டை முந்தின நாளே வாங்கி வைக்கவும் முடியாது. 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரக் கெடு உண்டு. அதற்குள் கிளம்ப வேண்டும். போக, வர என்று ஒரே டிக்கெட்டாகவும் தர மாட்டார்கள்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு ஒரு கண்ணி. போனில் இருப்பிடம் தெரியும் வசதியை ஆன் செய்ய வேண்டும், ஆனால் தண்டவாளத்தை ஒட்டி நின்றால் செயலி டிக்கெட் தராது. பிளாட்பாரத்தில் வண்டி நுழையும்போது பரபரவென்று அழுத்திக்கொண்டிருப்பவர்களைக் காட்பாடியில் தினமும் பார்க்கலாம். வெளியே ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து எடுக்கலாம். டிக்கெட்டைச் செயலிக்குள்ளேயே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் போனால் டிக்கெட்டும் போன மாதிரிதான்.

உட்கார்ந்து போக வேண்டும் என்றால் பிருந்தாவன் போன்ற பகல் வண்டிகளில் இரண்டாம் வகுப்பு இருக்கை முன்பதிவு செய்யலாம். 60 நாள் முன்பே திறக்கும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டையோ டிஜிலாக்கரில் இருப்பதோ போதும்.

3. பீச் ஸ்டேஷனில் பீச் இல்லை

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகச் சுவரும் ராஜாஜி சாலையும்தான். கடற்கரை இருந்த இடத்தைத் துறைமுகம் எடுத்துக்கொண்டு பல காலமாகிறது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. சென்ட்ரல் எதிரே இருக்கும் பார்க் ஸ்டேஷனின் பலகையில் "சென்னை பூங்கா" என்றே எழுதியிருக்கும். அங்கேயும் நீங்கள் தேடி வந்த பூங்கா இல்லை. கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் விளக்குக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். கிண்டி ஸ்டேஷனிலிருந்து சிறுவர் பூங்கா சுமார் இரண்டு கிலோமீட்டர். ஸ்டேஷன் பெயரை நம்பி இறங்கக் கூடாது என்பது இந்த ஊரின் முதல் பாடம்.

சென்ட்ரலைச் சுற்றி நாலு வகை ரயில் இருக்கிறது. பெரிய வண்டிகள் நிற்கும் சென்ட்ரல். அதை ஒட்டியே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி எலக்ட்ரிக் டிரெயின்கள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகம். சாலைக்கு அந்தப் பக்கம் பார்க் ஸ்டேஷன். பீச்சிலிருந்து எழும்பூர், சேத்துப்பட்டு, மாம்பலம், கிண்டி, தாம்பரம் போகும் வண்டிகள் இங்கே. அதற்குப் பக்கத்திலேயே பூங்கா நகர் என்ற பறக்கும் ரயில் (மேம்பாலத் தடத்தில் ஓடும் எலக்ட்ரிக் டிரெயின்) ஸ்டேஷன். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, திருவான்மியூர், வேளச்சேரி எல்லாம் இந்தத் தடம்தான். இவை எல்லாவற்றுக்கும் கீழே பூமிக்கடியில் மெட்ரோ.

கடற்கரைக்கு உங்களுக்கு வேண்டியது பறக்கும் ரயில். சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் கூப்பிடும் முன்வாசலில் நிற்காமல் சுரங்கப்பாதையில் இறங்கிச் சாலையைக் கடந்து பூங்கா நகர் போங்கள். கட்டணம் 5 ரூபாயில் தொடங்கும். காட்பாடியில் எடுத்த டிக்கெட் இங்கே செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். மெமுவில் பீச் வரை வந்தவர்களுக்குச் சாலை கடக்கும் வேலையே இல்லை. அதே ஸ்டேஷனிலிருந்துதான் பறக்கும் ரயில் புறப்படுகிறது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு இதற்காகவே மெமுவைச் சொல்வேன்.

காட்பாடி வழியாக வரும் சில நெடுந்தூர வண்டிகள் சென்ட்ரலுக்கே போகாது, பெரம்பூரில் நின்று அப்படியே வடக்கே போய்விடும். பெரம்பூரில் இறங்கினாலும் கவலையில்லை. அங்கிருந்து 29சி பஸ் ஜெமினி, கதீட்ரல் சாலை, மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் வரை போகும். ஒரு பூங்கா, ஒரு பேட்டை, ஒரு கடற்கரை மூன்றையும் ஒரே பஸ்ஸில் தொடலாம். சென்னையில் இதைப் போல வசதியான தடம் குறைவு.

மெட்ரோ கட்டணம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மாநகரப் பஸ்ஸில் சாதாரணக் கட்டணப் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், வேலூர் டவுன் பஸ்ஸில் போலத்தான். சொகுசுப் பஸ்ஸிலும் ஏசி பஸ்ஸிலும் அது கிடையாது, பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

4. பையில் என்ன

ஆதார், சில்லறையாக 200 ரூபாய், சார்ஜ் ஏற்ற பவர் பேங்க், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, மாற்று உடை ஒன்று. செருப்பு கழற்றி மாட்ட எளிதாக இருக்கட்டும். ஷூவில் மணல் போனால் திரும்பும் வண்டியில்தான் தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் தயிர் சாதத்தை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள், அந்த ஈரக் காற்றில் சீக்கிரம் புளிக்கும்.

5. பத்து மணி முதல் மூன்றரை மணி வரை நிழலில் இருங்கள்

வந்ததும் நேரே மெரினாவுக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சாலையிலிருந்து அலை வரை மணல் பல இடங்களில் 300 மீட்டர் அகலம். பதினோரு மணிக்கு அதில் வெறுங்காலோடு போக முடியாது, ஒதுங்க மரமும் கிடையாது. அந்த நேரத்தைப் பூங்காக்களுக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் கிண்டி சிறுவர் பூங்கா. கிண்டியிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் ஏறி காந்தி மண்டபம் நிறுத்தத்தில் இறங்குங்கள். உள்ளே பறவைகள், விலங்குகள், அடர்ந்த மரநிழல். பாம்புப் பண்ணைக்கு டிக்கெட் தனி. இதையொட்டிய கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் நகரத்துக்கு நடுவே வெளிமானும் புள்ளிமானும் மேய்கிற காடு. சிறுவர் பூங்கா டிக்கெட்டில் அந்தக் காட்டுக்குள் நடக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் தாங்காவிட்டால் காந்தி மண்டப வளாகத்தில் இலவசமாக உட்காரலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் கிட்டத்தில்தான்.

பெரியவர்கள் மட்டும் என்றால் கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா. இங்கே ஒரு குழப்பம். எதிர்ப்பக்கம் 2024இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா இருக்கிறது. அங்கே பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம், உள்ளே ஜிப்லைன் போன்றவற்றுக்குத் தனிக் காசு. செம்மொழியில் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. நிழலுக்குப் போகிறவர் செம்மொழிக்குள் நுழையுங்கள். ஐந்து பேர் குடும்பம் வரிசை மாறி நின்றால் ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு போய்விடும்.

தாம்பரம் தடத்தில் இறங்க நினைப்பவர்களுக்குச் சேத்துப்பட்டு பசுமைப் பூங்கா. ஸ்டேஷனை ஒட்டியே ஏரி, படகு, சுற்றி நடைபாதை. நம் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு போக வேறு பூங்கா இல்லை.

கலங்கரை விளக்கம் ஏற வேண்டும் என்றால் அதையும் இந்த நேரத்துக்குள் வையுங்கள். காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 மணியிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை. லிப்ட் உண்டு. துறைமுகத்துக்குள் பொதுமக்களை விட மாட்டார்கள், வாசலில் போட்டோ எடுத்தாலும் கேள்வி வரும். கிரேன்களையும் நங்கூரமிட்டு முறை காத்திருக்கும் கப்பல்களையும் பார்க்க இந்த உச்சிதான் வழி. வாரக் கடைசியில் வரிசை நீளும், மூன்று மணிக்கே போய் நில்லுங்கள்.

6. மெரினாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடங்கள்

மெரினாவுக்குப் போகிறவர்கள் காந்தி சிலை பக்கம் இறங்கி, நேரே அலைக்குப் போய், திரும்பி வந்துவிடுகிறார்கள். அது நடையே அல்ல. இப்படிச் செய்து பாருங்கள்.

நாலு மணிக்குச் சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்குங்கள். வாலாஜா சாலையில் ஸ்டேடியத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடற்கரைச் சாலை. அங்கே உழைப்பாளர் சிலை. அங்கிருந்து தெற்கே கலங்கரை விளக்கம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர். நடைபாதையிலேயே போனால் முக்கால் மணி நேரம், மணலில் நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம். வெயில் மேற்கிலிருந்து அடிப்பதால் சாலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்களும் மரங்களும் மெல்ல நிழல் தரும், கடல் காற்று முகத்தில் வரும். விளக்கு வந்ததும் மேற்கே திரும்பிக் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் ஏறிவிடலாம். போன வழியே திரும்ப வேண்டாம் என்பதுதான் இதில் சுகம். விளக்கை ஒட்டிய பகுதியில் மெட்ரோ வேலைக்காக இரும்புத் தடுப்பு அடைத்திருந்தால் மணல் பக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அலைக்குப் பக்கம் வரை போகலாம்.

சுண்டல் வாங்கலாம், பஜ்ஜி வாங்கலாம். குதிரைச் சவாரி, போட்டோ, பலூன் சுடுவது மூன்றுக்கும் விலையை முதலில் பேசுங்கள். "பார்த்துக் குடுங்க" என்பவரிடம் ஏறவே கூடாது.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்குக் கடல் கிழக்கில். சூரியன் சேப்பாக்கத்துப் பக்கம்தான் இறங்கும். பார்க்க வேண்டியது உதயம், அல்லது பௌர்ணமி நிலா. பௌர்ணமியன்று சூரியன் விழும் நேரத்தையொட்டி நிலா கடலிலிருந்து செம்பு நிறத்தில் எழும். அன்று மாலை பீச்சிலிருந்து கிளம்பும் மெமுவில் திரும்ப நினைக்காதீர்கள். அது திருவண்ணாமலை போகிற வண்டி. கிரிவலக் கூட்டத்தில் வேலூர்க்காரர் கால் வைக்க முடியாது.

7. கிணற்று நீச்சல் கடலுக்கு ஆகாது

மெரினாவில் குளிக்கத் தடை, போலீஸ் விரட்டும். அதை ஏதோ கெடுபிடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வம் என்பதால் நம் பிள்ளைகள் நீச்சல் படிப்பது கிணற்றில். கிணற்றுத் தண்ணீர் நகராது. கடலில், கரையில் மோதிய தண்ணீர் எல்லாம் ஏதாவது ஒரு பள்ளம் வழியாக உள்ளே திரும்பிப் பாய்கிறது. மேலிருந்து பார்த்தால் அலை உடையாமல் சாதுவாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்தப் பாதை. "இங்கே அலை கம்மி" என்று புதியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள்.

கணுக்கால் நனையும் வரை நில்லுங்கள், முழங்காலுக்கு மேல் வேண்டாம். நிற்கும்போது பாதத்துக்குக் கீழே மணல் அரித்துக்கொண்டு போவது தெரியும். குழந்தையின் கையை மணிக்கட்டில் பிடியுங்கள், விரலில் பிடித்தால் ஈரத்தில் வழுக்கும். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விடும். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி எந்த நேரமும் இறங்க வேண்டாம்.

8. பெசன்ட் நகர், திருவான்மியூர்

மெரினாக் கூட்டம் பிடிக்காதவர்கள் மாலையை இங்கே வையுங்கள். 29சி பெசன்ட் நகர் பஸ் டெப்போவில் விடும், கடற்கரைக்கு அங்கிருந்து சில நிமிட நடை. வேளாங்கண்ணி மாதா ஆலயமும் அஷ்டலட்சுமி கோயிலும் இதே கரையில் இருப்பதால் வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது எளிது. அங்கிருந்து தெற்கே திருவான்மியூர் கடற்கரை வரை நடக்கலாம். மணலும் குப்பத் தெருக்களும் மாறி மாறி வரும், படகு வலைகளை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி நேரே பூங்கா நகரில் இறங்கிச் சென்ட்ரல் போய்விடலாம்.

சினிமாப் படங்களில் பார்த்த, அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்துக்கு இருட்டில் போகாதீர்கள். கைப்பிடி இல்லை, விளக்கில்லை, போலீஸும் திருப்பி அனுப்பும்.

9. பேட்டைகளில் இரண்டு

மயிலாப்பூருக்குக் காலையிலோ நாலு மணிக்கு மேலோதான் போக வேண்டும். கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். திருமயிலை ஸ்டேஷனில் இறங்கிக் குளத்தைச் சுற்றி நாலு மாட வீதிகளையும் நடந்தால் ஒரு மணி நேரம். கால் வலித்தால் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா.

காசிமேடு வேறு கணக்கு. மீன்பிடித் துறைமுகத்தில் வியாபாரம் விடியுமுன்பே தொடங்கிவிடும், அதுவும் ஞாயிறு என்றால் திருவிழாதான். வேலூரிலிருந்து காலை வண்டியில் வந்து பிடிக்க முடியாது, முந்தின நாள் இரவே வந்து உறவினர் வீட்டில் தங்க வேண்டும். ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சின்னப் படகு மீன்தான் வரும், விலை ஏறியிருக்கும்.

வாங்கும்போது செதிலைப் பார்க்காமல் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் நகருங்கள். கண் வெளியே முட்டிக்கொண்டு தெளிவாக இருக்கட்டும். வயிற்றில் விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டும். வஞ்சிரத்தை முழு மீனாக எடுத்து அங்கேயே துண்டு போடச் சொல்லுங்கள். வெட்டித் தரத் தனிக் கூலி, அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். ஊருக்குக் கொண்டு வர, கழுவாமல், மீனும் உடைத்த ஐஸும் மாறி மாறி அடுக்கி, தெர்மோகோல் பெட்டி மூடியை டேப் சுற்றி ஒட்ட வேண்டும். வெறும் கவரில் கொண்டு வந்தால் அரக்கோணம் தாண்டுவதற்குள் தண்ணீர் ஒழுகும், ரயில் பெட்டியே உங்களைத் திட்டும்.

10. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை நடை

பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்கள் இவை. மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் நடக்கிறது. நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலையில் முடியும். முன்பே பதிவு செய்ய வேண்டும். டார்ச்சும் போன் பிளாஷும் கூடாது, வெளிச்சத்தைக் கண்டால் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும். ஆமை கட்டாயம் தென்படும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள், சில இரவுகளில் மணல் தடம்கூடக் கிடைக்காது. முடிந்ததும் கடற்கரையிலேயே உதயம் பார்த்துவிட்டு முதல் பஸ் பிடிக்கலாம். ஜனவரியில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் வரும்.

11. அங்கேயே தங்கப் போகிறவர்களுக்கு

வேலை கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்தவர்கள், மாநகரப் பஸ்ஸில் மாதம் 1000 ரூபாய்க்கு இஷ்டம்போலப் பயணம் செய்யும் பாஸ் வாங்கலாம். ஏசி பஸ்ஸில் அது செல்லாது. தெரியாத பேட்டைகளைச் சுற்ற இதைவிட மலிவான வழி இல்லை. தினமும் காட்பாடியிலிருந்தே போய் வர முடிவு செய்தவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட். 150 கிலோமீட்டர் வரைதான் தருவார்கள், காட்பாடி அதற்குள் வந்துவிடுகிறது. போட்டோ ஒட்டிய ரயில்வே அடையாள அட்டை வேண்டும், போட்டோவும் ஆதார் நகலும் கொண்டு போங்கள். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனியாகக் கூடுதல் கட்ட வேண்டும், முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது.

12. திரும்புவது

காலையில் ஏறும்போதே திரும்பும் வண்டியைத் தீர்மானித்துவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணியை ஒட்டிச் சென்ட்ரலில் ஏலகிரி, பீச்சில் மெமு. இந்த இரண்டைப் பிடிக்க வேண்டும் என்றால் மாலைக் கடற்கரை கிடையாது. கடற்கரை வேண்டும் என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் கோவை, கேரளம், சேலம் பக்கம் போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன, பெரும்பாலும் காட்பாடியில் நிற்கும். ஞாயிறு இரவு அவற்றின் பொதுப் பெட்டியில் ஏற, வண்டி பிளாட்பாரத்துக்கு வரும்போதே நிற்க வேண்டும். குடும்பத்தோடு என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கோயம்பேடு பஸ் மேல். கோயம்பேட்டுக்கு மெட்ரோ போகிறது. வேலூர் பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று காலையில் வரும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள், சென்னையில் பஸ் நிலையங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இரவு வண்டியில் கண் அசந்தால் ஜோலார்பேட்டையில்தான் எழுவீர்கள். வாலாஜா ரோடு தாண்டியதும் அலாரம் அடிக்கும்படி வையுங்கள். நள்ளிரவுக்கு மேல் காட்பாடியில் இறங்கினால் டவுன் பஸ் இருக்காது. ஸ்டேஷன் வாசல் ஆட்டோவில் தனியாகப் போவதைவிட, அதே வண்டியில் இறங்கிய இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பேசினால் கட்டணம் பாதியாகும்.